குளிசைக்கு முன் அளவுகோல்: பிரஜைல் எக்ஸ் உள்ள ஒரு வன்னிச் சிறுவன் பற்றிய நிகழ்வு ஆய்வு

அறிவாற்றலை உயர்த்தக்கூடிய குளிசை ஒன்று இருக்கிறதா, இருந்தால் அதைத் தன் மகனுக்குத் தர முடியுமா என்று கேட்டு, முல்லைத்தீவு மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் 2023ஆம் ஆண்டு எமது சிறுவர் விருத்திக் கிளினிக்குக்கு வந்தார். மகனுக்கு அப்போது 14 வயது. அவனுக்கு இருப்பது அறிவுத்திறனைக் குறைக்கும் பரம்பரை மரபணு நோயான பிரஜைல் எக்ஸ் நோய்க்குறி என்பது அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் உறுதியாகியிருந்தது. தாயின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால், பதிலைத் தேடிய வழியில் நாம் கண்டவை, அரிய மரபணு நோய்களுக்கான அறிவாற்றல் மருந்துகள் பெரிய நாடுகளின் பெரிய ஆய்வுகளிலேயே ஏன் தடுமாறின என்பதை விளங்கிக்கொள்ள உதவின. அதனால் தாயின் சம்மதத்துடன் அவற்றை இங்கே எழுதுகிறேன். குடும்பத்தை இனங்காட்டக்கூடிய விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பிள்ளையும் குடும்பமும்

அவன் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கிளிநொச்சிப் பக்கமிருந்து புறப்பட்ட குடும்பம் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்துகொண்டிருந்த நாட்களில் பிறந்தவன். பிறப்பு நிறை எழுதிய அட்டை எங்கோ ஒரு பதுங்குகுழியில் தொலைந்துவிட்டது. மே மாதத்தில் போர் முடிந்தபின் குடும்பம் செட்டிக்குளம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பிள்ளை தவழ வேண்டிய மாதங்கள் அங்கேதான் கழிந்தன. இரண்டு வயதில் நடந்தான், நான்கு வயதில்தான் 'அம்மா' என்றான். அதற்கான விளக்கம் முகாமிலேயே ஆயத்தமாக இருந்தது: செல்லடிச் சத்தத்தில் பிறந்த பிள்ளை, தாய் பட்டினி கிடந்து பால் வற்றிய பிள்ளை, பயந்த பிள்ளை. பிற்பாடு அவனைப் பார்த்த ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலும் அந்த விளக்கமே குறிப்பேட்டில் ஏறியது.

அந்த விளக்கத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. பசியும் அச்சமும் இடப்பெயர்வும் வளரும் மூளையைப் பாதிக்கும் என்பது உண்மை. அந்த ஆண்டில் பிறந்த பல பிள்ளைகளிடம் அதை நாம் கண்டுமிருக்கிறோம். ஆனால் போர் என்ற பதில் கிடைத்தவுடன் அடுத்த கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் இந்தப் பிள்ளையின் கதையில் என்னை மிகவும் வருத்துவது. 2008, 2009 ஆண்டுகளில் வன்னியில் பிறந்து விருத்தி தாமதமான ஒரு பிள்ளையைக் காணும் வைத்தியர் எவரும், போரை ஒரு காரணமாக எழுதிய பின்னரும், மூன்று தலைமுறைக் குடும்ப வரலாற்றை ஒருமுறை இருந்து கேட்க வேண்டும் என்றே கூறுவேன்.

இக்குடும்பத்தில் அந்த வரலாறு எவரும் கேட்பதற்காகவே காத்திருந்தது போல் இருந்தது. அம்மப்பாவுக்கு அறுபது வயதுக்குப் பின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது நடுக்கம் கூடும், நடையில் தள்ளாட்டம் உண்டு. காலில் பழைய செல் துண்டு ஒன்று கிடந்ததால் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று வீட்டார் நம்பினர். தாய்க்கு 37 வயதிலேயே மாதவிடாய் நின்றுபோனது. யோசனைதான் காரணம் என்று அவரும் மற்றவர்களும் எண்ணினர். மகன் பேசத் தாமதமானவன், கண்ணைப் பார்த்துப் பேசாதவன், மகிழ்ச்சி வந்தாலும் பதற்றம் வந்தாலும் கைகளை உதறுபவன். இவை மூன்று ஆட்களின் மூன்று துன்பங்களாகவே வீட்டில் இருந்தன. ஒரே மரபணுவின் மூன்று வெளிப்பாடுகளாக அவற்றைப் பார்க்க யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

சோதித்தபோது அவனுக்கு நீண்ட முகமும் பெரிய, முன்தள்ளிய காதுகளும், பின்புறமாக எளிதில் வளையும் விரல்களும் இருந்தன. பருவமெய்தத் தொடங்கியிருந்த அவனுடைய விதைகள் வயதுக்கு மீறிய பருமனில் இருந்தன. வலிப்பு வந்ததில்லை. சிறு வயதிலிருந்து காதில் சீழ் வடிந்து வந்திருக்கிறது. பாடசாலையின் விசேட கல்வி அலகுக்கு ஒழுங்காகப் போகிறான். தெரியாத ஒருவர் நேராகப் பார்த்துக் கேள்வி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேள்வியையே திரும்பத் திரும்பச் சொல்கிறான்; ஆனால் வீட்டு வாசலில் இருந்துகொண்டு, ஒலியை மட்டும் கேட்டு வருகின்ற பஸ் எதுவென்று தவறாமற் சொல்கிறான். இந்த இரண்டாவது விடயம் பின்னர் எமக்கு மிகவும் தேவைப்பட்டது.

நோய் நிர்ணயம்

கொழும்பில் உள்ள மரபணு ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய இரத்த மாதிரியில் முழுத்திரிபு உறுதியாயிற்று. இந்நோய்க்குக் காரணமான எஃப்எம்ஆர்1 மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. 1991ஆம் ஆண்டு இனங்காணப்பட்டது. அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் சிஜிஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் பெரும்பாலோரில் 45க்குக் குறைவான தடவைகளே வரும். 55 முதல் 200 வரை வந்தால் அது முன்திரிபு. 200ஐத் தாண்டினால் முழுத்திரிபு. முழுத்திரிபில் மரபணு பெரும்பாலும் மெதைலேற்றத்தால், அதாவது அதன்மேல் மெதைல் கூறுகள் ஒட்டிக்கொள்வதால், மூடப்பட்டுவிடுவதால், எஃப்எம்ஆர்பி என்ற புரதம் உருவாவதில்லை. நரம்புக்கலங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் எந்தப் புரதம் எப்போது எவ்வளவு உற்பத்தியாக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தி வைப்பது அந்தப் புரதத்தின் முக்கிய வேலை. ஆண்களில் ஏறத்தாழ 4,000 முதல் 7,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் முழுத்திரிபு காணப்படுவதாகக் கணிக்கப்படுகிறது. அரிய நோய்தான் என்றாலும், பரம்பரையாக வரும் அறிவுத்திறன் குறைபாடுகளில் ஒரே மரபணுவால் ஏற்படுபவற்றுள் இதுவே முதன்மையானது.

முன்திரிபு உள்ள ஆண், அதைத் தன் எல்லா மகள்மாருக்கும் கொடுப்பார், மகன்மாருக்குக் கொடுக்கமாட்டார். மகன் தந்தையிடமிருந்து பெறுவது வை நிறமூர்த்தம் என்பதால். பெண் வழியாகக் கடக்கும்போதுதான் அத்தொடர் நீண்டு முழுத்திரிபாகிறது. அம்மப்பாவின் நடுக்கத்துக்கும் தள்ளாட்டத்துக்கும் பெயர் இருக்கிறது: முன்திரிபு உள்ளவர்களுக்கு முதுமையில் வரும் நடுக்க, தள்ளாட்ட நோய்க்குறி, 2001ஆம் ஆண்டுதான் அது மருத்துவ இலக்கியத்தில் முதன்முதலாக விபரிக்கப்பட்டது. தாயின் முன்கூட்டிய மாதவிடாய் நிறுத்தமும், முன்திரிபு உள்ள பெண்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு ஏற்படும் சூலகச் செயலிழப்பின் விளைவே. பரிசோதனையில் இருவருக்கும் முன்திரிபு இருப்பது தெரிந்தது.

இதைச் சொல்லும் வேலை, மருந்து பற்றிய பேச்சைவிடக் கடினமானது. தாயின் தங்கைக்கும் முன்திரிபு கட்டாயம் இருக்கும். சிறுவனின் அக்காவுக்கு முன்திரிபோ முழுத்திரிபோ இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பரம்பரை வருத்தம் என்ற பேச்சு ஊரில் பரவினால் திருமணப் பேச்சு எவ்வளவு விரைவாக முறியும் என்பதை வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அக்காவுக்கு 18 வயதாகியிருந்தது. ஆகவே அவரைத் தனியே இருத்தி விளக்கி, பரிசோதிப்பதா, எப்போது, முடிவை யார் அறிய வேண்டும் என்ற மூன்றையும் அவர் கையிலேயே விட்டோம். கனடாவில் இருக்கும் மாமா, தன் பிள்ளைகளுக்கும் இது வருமா என்று தொலைபேசியில் கேட்டபோது, அவர் தகப்பனிடமிருந்து இதைப் பெற்றிருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

மருந்து பற்றிய கேள்வியைக் கிளப்பியவரும் அந்த மாமாதான். பிரஜைல் எக்ஸுக்கு வெளிநாடுகளில் மருந்துகள் சோதிக்கப்படுகின்றன என்பதையும், அவற்றுள் ஒன்று சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெட்போமின் என்பதையும் அவர் வாசித்து அறிந்திருந்தார். தாயின் கேள்வி அதிலிருந்து வந்தது: "அப்பாவுக்குக் கிளினிக்கில குடுக்கிற அதே குளிசைதானே டொக்டர், இவனுக்கும் அரைவாசி குடுத்துப் பார்ப்பமோ?" அம்மப்பாவுக்கு நீரிழிவு இருந்தது. சோதனை மருந்து ஏற்கனவே அந்த வீட்டு அலுமாரிக்குள் இருந்தது.

இதுவரை நடந்த சோதனைகள்

தாய்க்கு விளக்கியதைச் சற்று விரிவாக இங்கே தருகிறேன், ஏனெனில் முடிவு அதிலிருந்தே பிறந்தது.

எஃப்எம்ஆர்பி இல்லாதபோது, நரம்புக்கலத்தின் மேற்பரப்பில் உள்ள குளூட்டமேற்று என்ற சமிக்ஞைப் பதார்த்தத்தை ஏற்கும் எம்குளூஆர்5 என்ற ஏற்பி கட்டுப்பாடின்றிச் செயற்பட்டு, புரத உற்பத்தியை மிகையாக்குகிறது என்ற கருதுகோளை 2004ஆம் ஆண்டு மார்க் பேர், கிம்பர்லி ஹியூபர், ஸ்டீவன் வாரன் ஆகியோர் முன்வைத்தனர். 2007ஆம் ஆண்டு, எஃப்எம்ஆர்1 இல்லாத சுண்டெலிகளில் அந்த ஏற்பியைப் பாதியாகக் குறைத்தபோது பல குறைபாடுகள் சீராயின. பிறவியிலேயே வரும் அறிவுத்திறன் குறைபாடு ஒன்றை, பிறந்த பின்னர் மருந்தால் திருத்தலாம் என்ற எண்ணம் அதற்கு முன் இவ்வளவு வலுவாக எழுந்ததில்லை. அந்த ஏற்பியை அடக்கும் மாவோகுளூரன்ட் என்ற மருந்தை நோவார்ட்டிஸ் நிறுவனம் சோதித்தது. 30 ஆண்களை மட்டும் கொண்ட முதல் ஆய்வு 2011இல் வெளியானது. மொத்தத்தில் பயன் தெரியவில்லை, ஆனால் மரபணு முழுமையாக மெதைலேற்றம் அடைந்திருந்த ஏழு பேரில் நடத்தை முன்னேறியதாகத் தோன்றியது. அந்த ஏழு பேரில் கண்டதை நம்பித்தான் அடுத்த பெரிய ஆய்வுகள் வடிவமைக்கப்பட்டன: 175 வளர்ந்தோர், 139 பதின்ம வயதினர், 12 வாரங்கள். இரண்டிலும் மருந்தில்லாத வெற்றுக் குளிசையைவிட மருந்து மேலாக எதையும் செய்யவில்லை. 2014இல் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. ரோச் நிறுவனத்தின் பசிம்குளூரன்ட், 183 பேரில், அதே 12 வாரங்களில், அவ்வாறே தோற்றது. ஆபக்லோபன் என்ற இன்னொரு மருந்தைச் சோதித்த சிறு நிறுவனம் 2013இல் பணமின்றி ஆய்வை நிறுத்தியபோது, தம் பிள்ளைகள் முன்னேறியதைக் கண்ணாற் கண்டதாகச் சொல்லிப் பெற்றோர் பலர் மருந்தைத் தொடரும்படி மன்றாடினர்.

அந்தப் பெற்றோர் பொய் சொல்லவில்லை. வெற்றுக் குளிசை பெற்ற பிள்ளைகளின் பெற்றோரும் அதே முன்னேற்றத்தைக் கண்டார்கள் என்பதுதான் சிக்கல். இந்த ஆய்வுகளின் முதன்மை அளவுகோல், பிள்ளையின் நடத்தை பற்றிப் பராமரிப்பவர் நிரப்பும் வினாத்தாள். அவ்வளவு காலம் காத்திருந்த ஒரு தாயின் கையில் அந்தத் தாளைக் கொடுத்தால், அவருடைய நம்பிக்கையும் அதில் சேர்ந்தே எழுதப்படும். மருந்து பெற்ற குழுவும் முன்னேறி, பெறாத குழுவும் முன்னேறினால், மருந்து செய்தது எவ்வளவு என்பதைப் பிரித்தெடுக்க இடமில்லாமற் போகிறது.

மறுபக்கத்தில், அறிவாற்றலை நேரடியாக அளக்கும் பரீட்சைகளுக்கு வேறொரு குறை உண்டு. பிள்ளைகளுக்கான வெச்ஸ்லர் நுண்ணறிவுப் பரீட்சையில் மிகக் குறைந்த புள்ளி 40. முழுத்திரிபு உள்ள ஆண்களில் பலர் அந்த அடிமட்டத்திலேயே நிற்கிறார்கள். குளத்து நீரை அளக்கும் கம்பத்தில் கடைசிக் கோட்டுக்குக் கீழே நீர் போய்விட்டால், அதன்பின் ஓரடி கூடினாலும் குறைந்தாலும் கம்பம் ஒன்றே காட்டுவது போன்றது இது. ஆகவே, முன்னேற்றம் உண்மையாகவே இருந்திருந்தாலும் அந்தப் பரீட்சைகளில் தெரிந்திருக்காது.

இந்த இரண்டு குறைகளையும் தவிர்க்க முயன்ற ஆய்வு 2021இல் வெளியானது. சட்டோல்மிலாஸ்ட் என்ற மருந்தை 30 வளர்ந்த ஆண்களில் சோதித்தார்கள். ஒவ்வொருவரும் 12 வாரம் மருந்தையும் 12 வாரம் வெற்றுக் குளிசையையும் பெற்றனர், எது எப்போது என்பது அவர்களுக்கோ சோதித்தவர்களுக்கோ தெரியாது. அறிவுத்திறன் குறைந்தோருக்கு ஏற்றவாறு சரிபார்க்கப்பட்ட, கணினித் திரையில் செய்யும் பரீட்சையில், சொற்களை வாசித்தலிலும் படத்தைச் சொல்லோடு பொருத்துதலிலும் மருந்தின் பக்கம் தெளிவான முன்னேற்றம் தென்பட்டது. பதின்ம வயதினரையும் சேர்த்த பெரிய ஆய்வுகள் அதைத் தொடர்ந்து தொடங்கப்பட்டன. 30 பேர் என்பது சிறு தொகை. 2011இல் ஏழு பேரை நம்பியதன் முடிவை மறந்துவிடக்கூடாது. இருந்தாலும், அளவுகோலை முதலில் திருத்திவிட்டு மருந்தைச் சோதித்த ஒழுங்குமுறை சரியானது என்றே கருதுகிறேன்.

வயதும் ஒரு விடயம். மூளை முதிர்ந்த பின் மருந்து கொடுத்ததால்தான் முன்னைய ஆய்வுகள் தோற்றன என்று வாதிட்டவர்கள் இருந்தனர். அதனால் மாவோகுளூரன்ட்டை 32 மாதம் முதல் 6 வயது வரையான பிள்ளைகளுக்கு, தீவிரமான மொழிப் பயிற்சியுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரு குழுவினரும் மொழியில் முன்னேறினர். மருந்தால் மேலதிகப் பயன் எதுவும் இல்லை. முன்னேற்றத்துக்குக் காரணம் பயிற்சியும் வளர்ச்சியுமாகவே இருக்க வேண்டும் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். இதைக் கேட்ட தாய், "அப்ப அந்தப் பயிற்சியை இஞ்ச ஆர் குடுப்பினம்?" என்று கேட்டார். அவர் எம்மிடம் கேட்டவற்றுள் மிகச் சரியான கேள்வி அதுவே.

மெட்போமினின் நிலை இவற்றினின்று வேறு. 2017இல் சுண்டெலிகளில் அது நரம்புக்கலச் சமிக்ஞைகளையும் நடத்தையையும் சீராக்கியதாகக் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டில், அதைப் பெற்ற ஏழு நோயாளர்களின் நடத்தையும் மொழியும் முன்னேறியதாகக் கலிபோர்னியாவிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. அந்த ஏழு பேரிலும் ஒப்பிட வெற்றுக் குளிசைக் குழு இல்லை, கொடுத்தவரும் பெற்றவரும் எது கொடுக்கப்படுகிறது என்பதை அறிந்திருந்தனர். பழகிய மருந்து, மலிவானது, எமது மருந்தகங்களில் எப்போதும் இருப்பது. ஆனால் வயிற்றோட்டமும் பசியின்மையும் வரலாம், நீண்டகாலம் எடுத்தால் விற்றமின் பி12 குறையலாம், சிறுநீரகம் பழுதுற்றவருக்கு ஆபத்தாகலாம். இந்தப் பிள்ளை மெலிந்தவன். பசியைக் குறைக்கும் ஒரு மருந்தை அவனுக்குத் தொடங்குவது பற்றி எமக்குத் தயக்கம் இருந்தது.

அளந்து பார்த்தது

குழந்தை நல வைத்திய நிபுணருடனும் மனநல வைத்திய நிபுணருடனும் கலந்து பேசி, குளிசை பற்றி எதையும் தீர்மானிக்கும் முன்னர், குளிசை இல்லாத நிலையில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதை இரண்டு மாதங்கள் பதிவது என்று முடிவெடுத்தோம். அதுவரை அம்மப்பாவின் மருந்துப் பெட்டி பூட்டி வைக்கப்பட வேண்டும் என்று தாயிடம் கேட்டுக்கொண்டோம், அவர் சம்மதித்தார்.

எதை அளப்பது என்பதில்தான் மிகுந்த நேரம் சென்றது. வழமையான பரீட்சையில் அவன் அடிமட்டத்தில் நின்றான். படங்களில் பல அவன் காணாத பொருட்கள், கேள்விகள் அவன் வீட்டில் கேட்காத எழுத்துத் தமிழில் இருந்தன, கேட்டவர் அவனுக்கு அந்நியர். நேர்ப்பார்வையும் நேர்க்கேள்வியும் இந்நோயில் பேச்சையே அடைத்துவிடும் என்பது நன்கு அறியப்பட்டது. பஸ்களை ஒலியால் அடையாளம் காணும் நினைவாற்றல் அந்த அறையில் எட்டிப்பார்க்கவே இல்லை. ஆகவே, இலக்கு எட்டும் அளவை முறையைப் பின்பற்றி, தாயும் ஆசிரியையும் தெரிவு செய்த மூன்று செயல்களுக்கு ஐந்து படிகள் வீதம் எழுதினோம். ஒன்று, சந்திக் கடைக்குப் போய் இரண்டு சாமான் வாங்கி மிச்சக்காசுடன் திரும்புதல். இரண்டு, கேட்ட கேள்வியைத் திருப்பிச் சொல்லாமல் தன் பதிலைச் சொல்லுதல். மூன்று, மாலையில் ஆடுகளைப் பட்டிக்குள் அடைக்கும்போது ஒன்று குறைந்தால் அதைக் கண்டு சொல்லுதல். மூன்றாவதைத் தாய் சொன்னபோது நான் தயங்கினேன். ஆனால் எண்ணிக்கையும் கவனமும் நினைவும் ஒருசேர வேண்டிய செயல் அது, அவன் வாழ்க்கைக்கு உடனே பயன்படுவதும் அதுவே.

ஒவ்வொரு கிழமையும் தாய் ஒரு தாளில் படியைக் குறித்தார். ஆசிரியை தனியே குறித்தார். அதோடு, தாய் தன் கைபேசியில் சிறு ஒளிப்பதிவுகள் எடுத்தார். நாம் அவற்றின் திகதிகளை நீக்கி, ஒழுங்கைக் குலைத்து, வேறு மாவட்டத்தில் பணிபுரியும் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஒருவருக்கு அனுப்பினோம். எந்தப் பதிவு முந்தியது, எது பிந்தியது என்பது அவருக்குத் தெரியாது. பெருஞ்செலவு எதுவுமில்லாத மறைப்பு முறை இது. கைபேசி உள்ள எந்தக் கிராமத்திலும் செய்யலாம்.

இரண்டு மாதம் முடிவதற்குள், மூன்று இலக்குகளிலும் பிள்ளை படியேறியிருப்பதாகத் தாயின் தாள் காட்டியது. ஆசிரியையின் தாளில் ஏற்றம் சிறியது. ஒளிப்பதிவைப் பார்த்த சிகிச்சையாளரின் மதிப்பீட்டில் மாற்றமே இல்லை. அந்தக் காலம் முழுதும் பிள்ளை ஒரு குளிசையும் எடுக்கவில்லை.

பெரிய ஆய்வுகளின் வெற்றுக் குளிசைக் குழுவில் நடந்தது, ஒரு குளிசைகூட இல்லாமலே இந்த ஒரு வீட்டில் நடந்திருந்தது. நாம் மெட்போமினை முதல் நாளே தொடங்கியிருந்தால், தாய் கண்ட ஏற்றம் முழுவதும் அதன் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். ஊரில் இன்னும் பல பிள்ளைகளுக்கு அந்தக் குளிசை போயிருக்கும். தாயின் தாளைப் பிழை என்று ஒதுக்கிவிடவும் நான் விரும்பவில்லை. மூன்று செயல்களையும் கூர்ந்து பார்க்கத் தொடங்கியபின் அவர் பிள்ளையுடன் பேசும் முறையே மாறியிருந்தது: பதிலுக்குக் காத்திருந்தார், கடைக்கு அவனைத் தனியே விடத் துணிந்தார். அவர் கண்ட மாற்றத்தில் ஒரு பகுதி அவருடைய பார்வையில் நிகழ்ந்தது, ஒரு பகுதி வீட்டில் நிகழ்ந்தது, பிள்ளையில் நிகழ்ந்ததைப் பிரித்துக் காட்டத்தான் மூன்றாவது ஆள் தேவைப்பட்டார்.

இதனிடையே செவிப்புலச் சோதனை முடிவு வந்தது. இரு காதுகளிலும் நாட்பட்ட நடுக்காது அழற்சி, வலது செவிப்பறையில் துளை, மிதமான செவிப்புலன் குறைவு. பிரஜைல் எக்ஸ் உள்ள பிள்ளைகளில் நடுக்காது அழற்சி திரும்பத் திரும்ப வருவது வழமை என்பது பாடநூலிலேயே உள்ளது. காது துப்புரவாக்கப்பட்டு, மருந்து இடப்பட்டு, பின்னர் கேட்கும் கருவி பொருத்தப்பட்டது. அதற்குப் பிந்திய ஒளிப்பதிவுகளையும் முந்தியவற்றோடு கலந்து அனுப்பினோம். இம்முறை அவற்றைப் பார்த்த சிகிச்சையாளர் இரண்டாவது இலக்கில் தெளிவான ஏற்றத்தைக் குறித்தார்: பிள்ளை கேள்வியைத் திருப்பிச் சொல்வது குறைந்து, பதில் சொல்வது கூடியிருந்தது. மற்ற இரண்டிலும் மாற்றமில்லை. ஒருவரில் கண்ட ஒரு மாற்றத்துக்கு அதிக பாரம் ஏற்ற முடியாது என்றாலும், அறிவாற்றலுக்கு மருந்து தேடும் எந்தக் குடும்பத்துக்கும் காது, கண், நித்திரை, இரத்தச்சோகை, வலிப்பு ஆகியவற்றை முதலில் பார்த்து முடிக்க வேண்டிய கடமை எமக்கு உண்டு.

சம்மதமும் தீர்மானமும்

வன்னியில் ஒரு மருந்துச் சோதனை முறையாக நடக்க வேண்டுமானால் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றை இந்தக் குடும்பத்திடம் கண்டேன். 2009க்குப் பின் இங்குள்ள மக்கள் எத்தனையோ படிவங்களில் கையொப்பம் இட்டிருக்கிறார்கள்: நிவாரணத்துக்கு, வீட்டுத்திட்டத்துக்கு, காணாமற்போனோரின் விபரப் பதிவுக்கு, வாழ்வாதார உதவிக்கு. படிவத்தோடு ஒருவர் வந்தால் கையொப்பமிடுவது, இடாவிட்டால் ஏதோ ஒன்று தவறிவிடும் என்பது பழக்கமாகிவிட்டது. ஒளிப்பதிவுக்கான சம்மதப் படிவத்தைக் காட்டியதும் தகப்பன் வாசிக்காமலே பேனையை எடுத்தார். அதைத் தடுத்து, மறுத்தாலும் கிளினிக்கில் எதுவும் குறையாது என்பதைச் சொல்லி, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்து வரும்படி அனுப்ப வேண்டியிருந்தது. சோதனை என்பது உதவி அல்ல, கிடைக்கும் குளிசை வெறுமையானதாகவும் இருக்கலாம், நிறுவனம் இடைநடுவில் நிறுத்திவிடவும் கூடும் என்பவற்றை இங்கே எழுத்தில் மட்டும் சொன்னாற் போதாது. இலங்கையில் மருத்துவச் சோதனைகளுக்கான பதிவேடு 2006 முதல் இயங்குகிறது, நெறிமுறைக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் அனுமதி கிடைத்த பின்னரும் இந்த வேலை ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் மீதமிருக்கும்.

பிள்ளையின் சம்மதமும் கேட்கப்பட்டது. ஒளிப்பதிவு, காது பார்த்தல், ஊசி ஆகியவற்றின் படங்களைக் காட்டியபோது முதல் இரண்டையும் தொட்டான், ஊசிப் படத்தைத் தள்ளிவிட்டான். மெட்போமின் தொடங்கினால் இரத்தச் சோதனைகள் தேவைப்படும் என்பதால், அந்த மறுப்பும் கணக்கில் எடுக்கப்பட்டது.

அவனைக் கனடாவுக்கு அழைத்து ஆய்வொன்றில் சேர்க்கலாமா என்று மாமா கேட்டிருந்தார். இவ்வாறான ஆய்வுகளின் பரீட்சைகள் சொல்லறிவையும் வாசிப்பையும் ஆங்கிலத்தில் அளப்பவை, தமிழ் மட்டும் அறிந்த பிள்ளையை அவற்றால் அளக்க முடியாது, மாதக்கணக்கில் அங்கே தங்கி நிலையத்துக்குப் போய்வரவும் வேண்டும் என்று எழுதினோம். அந்தப் பணத்தைச் செலவிட எண்ணியிருந்த அவர், பிள்ளைக்கு வாராந்தப் பேச்சுப் பயிற்சிக்கான போக்குவரத்துச் செலவை ஏற்றுக்கொண்டார். தாயின் தங்கை பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டார். அக்கா இன்னும் கொடுக்கவில்லை. கேட்டு நெருக்குவதில்லை என்று வீட்டார் உடன்பட்டிருக்கிறார்கள்.

மெட்போமின் இப்போது தொடங்கப்படவில்லை. வெற்றுக் குளிசையுடன் ஒப்பிட்ட ஆய்வு முடிவுகள் அதற்குச் சாதகமாக இருந்து, பிள்ளையின் நிறையும் கூடினால் மீண்டும் பேசுவது என்று தீர்மானித்து, தொடங்கினால் எப்போது நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்தோம். அந்த நிபந்தனைகளைத் தாயே ஒவ்வொன்றாகச் சொல்ல, தாதி எழுதினார்: வயிற்றோட்டம் ஒரு கிழமைக்கு மேல் நீடித்தால், சாப்பாடு குறைந்தால், இரத்தம் எடுக்க அவன் தொடர்ந்து மறுத்தால், மூன்று மாதத்தில் ஒளிப்பதிவைப் பார்ப்பவர் ஒரு படியேனும் ஏற்றம் காணாவிட்டால். கடைசி நிபந்தனைக்குத் தாய் ஒரு திருத்தம் சேர்ப்பித்தார்: தான் ஏற்றம் கண்டதாகச் சொன்னாலும், பார்ப்பவர் காணாவிட்டால் நிறுத்த வேண்டும்.